பூ வகுப்பில் நான் பேசிய ஆங்கிலம்

ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவிருந்த வேலையை நான் பொய் சொல்லிக் கெடுத்தேன். மரக்கொட்டில் ஒன்றின் வாசலில் நின்று, பிழையில்லாத ஆங்கிலத்தில், இரண்டே வாக்கியங்களில் அந்தப் பொய்யைச் சொன்னேன். அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. வாய் தவறி வந்துவிட்டது என்று சமாதானம் சொல்ல முடியாது. சொல்லும்போதே அது பொய் என்று தெரியும், அதனால் யாருக்கு நட்டம் என்பதும் தெரியும். எண்பதைத் தாண்டிய இந்த வயதில் பல விஷயங்கள் மங்கிவிட்டன. வாசலில் விழுந்த அந்த வெயிலும், ஈரக் கையோடு என் முகத்தைப் பார்த்து நின்ற அந்தப் பெண்ணும் மங்கவில்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்துநான்கில் நான் தனியாக டொரன்ரோவுக்கு வந்தேன். மனைவியும் இரண்டு பையன்களும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அங்கே இருபத்துமூன்று வருடங்கள் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடி வீட்டில் ஏழு ஆண்களோடு எட்டாவது ஆளாகப் படுத்தேன். காலையில் வேலையாட்களை ஏற்றிப்போகக் கட்டடத்தின் கீழே ஒரு வான் வந்து நிற்கும். அஜக்ஸ் பக்கம் போய், வடக்கே திரும்பும் கிரவல் ரோட்டால் உள்ளே போனால் ஒரு பண்ணை. அப்பிள், பூசணி, பூக்கள். ஐந்து மாதம் அங்கே வேலை. குளிர் தொடங்கினால் எல்லோரையும் அனுப்பிவிடுவார்கள்.

பண்ணையின் சொந்தக்காரி அறுபது வயதை எட்டிய கனேடியப் பெண்மணி. நாங்கள் அவரை மிஸிஸ் என்றே சொல்வோம். கணவர் இறந்து நாலைந்து வருடங்கள் ஆகியிருந்தன. இலைகள் நிறம் மாறும் காலத்தில், ஆறு சனிக்கிழமைகள், நகரத்திலிருந்து வரும் பெண்களுக்கு அவர் ஒரு வகுப்பு வைப்பார். பூக்களை எப்படி அடுக்குவது, இலையுதிர் காலத்தில் வீட்டுக்கு விருந்தாளிகளை அழைத்தால் மேசையை எப்படி ஒழுங்கு செய்வது என்பதுதான் பாடம். மரக்கொட்டிலுக்குள் வைக்கோலை ஒதுக்கிப் பலகை மேசைகள் போட்டு வெள்ளைத் துணி விரிப்போம். பூசணிக்காயின் மேல்பக்கத்தை வெட்டிக் குடைந்து, உள்ளே தண்ணீர் ஊற்றிய தகரப்பேணியை இறக்கிவிட்டால் அது பூச்சாடி. தண்டைச் சரிவாக வெட்ட வேண்டும், தண்ணீருக்குள் இலை கிடக்கக் கூடாது, எதிரே இருப்பவரின் முகத்தை மறைக்கும் உயரத்துக்குப் பூ போகக் கூடாது என்று மிஸிஸ் சொல்லிக்கொண்டே போவார். முடிவில் கறுவா போட்டுச் சூடாக்கிய அப்பிள் சாறும் பம்ப்கின் பை என்கிற பூசணிப் பலகாரமும்.

எங்களுக்குப் பூ என்றால் சாமிக்கு, பெண்பிள்ளையின் தலைக்கு, கலியாணத்துக்கு, இல்லையென்றால் பிரேதத்துக்கு. சோற்றுக்கோப்பைக்கும் விருந்தாளிக்கும் நடுவில் பூ வைப்பது எங்களுக்குப் புதினமாக இருந்தது. ஆனால் எனக்கு அந்தச் சனிக்கிழமைகள் பிடிக்கும். மற்ற நாட்களில் நான் அப்பிள் பிடுங்கும் ஒரு கை. சனிக்கிழமை மட்டும் வெள்ளைச் சேட்டுப் போட்டு, கொட்டில் வாசலில் நின்று வருபவர்களை வரவேற்று, கோட்டுகளை வாங்கி மாட்டி, எந்த மரத்து அப்பிள் எதற்கு நல்லது என்று முழு வாக்கியங்களில் ஆங்கிலம் பேசுவேன். என் உச்சரிப்பை ஒரு பெண் பாராட்டினார். வானில் கூட வருபவர்கள் அதற்கும் ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

“இண்டைக்குக் கோட்டு மந்திரிக்கு முன் சீற்றைக் குடுங்கோடா,” என்பார் வான் ஓட்டுகிற அண்ணை. “சேட்டுக் கசங்கினால் வெள்ளைக்காரியள் கோவிப்பினம்.”

நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் அந்தப் பட்டம் பிடித்தும் இருந்தது.

எண்பத்தாறில் வானுக்கு ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், திருகோணமலை. எண்பத்துமூன்று கலவரத்தில் கணவனை இழந்தவள். ஒரே மகளைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். நான் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டேன், அவள் என்னை மாஸ்ரர் என்றாள். முதல் நாளே நான் செய்த காரியம் ஒன்றையும் சொல்ல வேண்டும். எந்த இடம், கோயிலுக்கு எந்தப் பக்கம் வீடு, தகப்பன் என்ன செய்தவர் என்று மூன்று கேள்வி கேட்டேன். எங்கள் ஆட்களில் என் வயதுக்காரருக்கு அந்தக் கேள்விகள் எதற்கு என்று தெரியும். அவளுக்கும் தெரிந்தது.

“கோயிலுக்குப் பூ கட்டிற ஆக்கள் மாஸ்ரர்,” என்றாள். “வேறை என்ன அறிய வேணும்?”

வானில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அதற்குப் பிறகும் அவள் என்னோடு நன்றாகத்தான் பேசினாள். கணவன் போன பிறகு, தாலி அறுத்தவள் பூவைத் தொடக்கூடாது என்று ஊரில் சிலர் வாசலில் வந்து நின்றதையும், சாமிக்குக் கட்டுகிற பூவுக்கு அந்தக் கணக்கு இல்லை என்று தான் வாதாடி, மறுநாளே கோயில் மண்டபத்தில் போய் இருந்து கட்டியதையும் ஒரு நாள் சொன்னாள். “அண்டைக்கு மட்டும் பயந்து விட்டிருந்தால் பிள்ளைக்குச் சாப்பாடு இல்லை,” என்றாள். வருடம் முழுவதும் வேலை இருக்கிறது என்று ஒரு முதலாளி கடிதம் தந்தால்தான் மகளைக் கூப்பிடலாம் என்று குடிவரவுக் கந்தோரில் சொல்லியிருந்தார்கள். ஐந்து மாத வேலைக் கடிதம் செல்லவில்லை. அவளுடைய பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்தக் கடிதத்தில்தான் வந்து முடியும்.

அந்த வருடத்து வகுப்பின் இரண்டாவது சனிக்கிழமை. தங்கச்சிக்கு வாளிகளில் தண்ணீர் மாற்றுகிற வேலை. கழுத்து முறிந்த செவ்வந்திப் பூக்களைத் தனியே ஒரு வாளியில் போடச் சொல்லியிருந்தார்கள், அவை எறிவதற்கு. நான் உள்ளே பம்ப்கின் பை வெட்டிக்கொண்டு நின்றேன். மேசையில் இருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வாசலுக்குப் போனார்கள். நானும் போய்ப் பார்த்தேன்.

சோளத்தட்டை கட்டுகிற வெள்ளை நூலை நனைத்து, அதன் நுனியைத் தூணில் இருந்த ஆணியில் கட்டியிருந்தாள். ஊரில் என்றால் நுனியைக் கால் பெருவிரலில் மாட்டுவார்கள். இங்கே காலில் றப்பர் சப்பாத்து. இரண்டு பூவை எதிரும் புதிருமாக வைத்து, நூலை ஒரு சுற்றுச் சுற்றி, பெருவிரலால் ஒரு வளையம் போட்டு இழுத்தாள். கை போகிற வேகத்தில் முடிச்சு விழுவதே தெரியவில்லை. எறிய வைத்த பூ முழங்கை மொத்தத்தில் செம்மண் நிறக் கயிறாக நீண்டுகொண்டு போனது. ஒரு பெண் தானும் செய்து பார்க்கக் கேட்டார். நாலு பூ கட்டியதும் எல்லாம் உதிர்ந்து விழுந்தது. அவர் சிரிக்க, தங்கச்சியும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“மாஸ்ரர், உவவுக்குச் சொல்லுங்கோ, பிள்ளைத்தாச்சியைப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்க வேணும் எண்டு. உவ கோழியைப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கிறா.”

நான் அதைச் சொல்லவில்லை. மெல்லப் பிடிக்கட்டுமாம் என்று மட்டும் சொன்னேன். அந்த மாலையை வாசல் நிலைக்கு மேல் மாட்டினார்கள். பெண்கள் கை தட்டினார்கள்.

மிஸிஸ் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் பாதி வகுப்பை இந்தப் பெண் எடுக்க முடியுமா என்று கேட்கும்படி சொன்னார். நான் பக்கத்தில் நின்று அவள் சொல்வதை ஆங்கிலத்தில் சொன்னால் போதும். குளிர் காலத்திலும் கண்ணாடி வீட்டில் பூச்செடி பார்க்கிற வேலைக்கு ஓர் ஆள் வேண்டும், அதற்கும் இவளையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன் என்றார்.

வருடம் முழுவதும் வேலை. அவளுக்கு வேண்டியிருந்த கடிதம் அதுதான். ஒரு கேள்வியைத் தமிழில் கேட்டு, ஓம் என்ற பதிலை ஆங்கிலத்தில் சொன்னால் போதும். என் மனதில் அப்போது ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். பூ கட்டுகிற வீட்டுப் பெண் நடுவில் நின்று படிப்பிப்பாள். படித்தவன் நான் பக்கத்தில் நின்று அவளுடைய பேச்சைச் சுமப்பேன், அவளுக்கு வாளியும் தூக்குவேன். வானில் இருப்பவர்கள் அதைப் பார்ப்பார்கள். என் அறையில் இருக்கும் ஏழு பேரும் கேள்விப்படுவார்கள். நாடு, வீடு, வேலை எல்லாம் போன பிறகும் என்னிடம் மிச்சம் இருந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்தச் சாதி அழுக்கு ஒன்றுதான். அதைக் காப்பாற்றத்தான் வாயைத் திறந்தேன்.

“அவள் விதவை. எங்கள் வழக்கப்படி விதவைகள் பூவைக் கையால் தொடுவது அவர்களுக்கு மிகுந்த மனவேதனை தரும் காரியம்; உங்களுக்காகத்தான் மறுக்காமல் செய்திருக்கிறாள்,” என்றேன்.

மிஸிஸ் நெஞ்சில் கை வைத்தார். கண் கலங்கியது. சொன்னதற்கு எனக்கு நன்றி சொன்னார். பிறகு தங்கச்சியிடம் போய், அவள் கையில் மிச்சம் இருந்த பூவையும் நூலையும் மிக மெதுவாக வாங்கி வாளியில் போட்டு, வாளியை அப்பால் தள்ளி வைத்துவிட்டு, அவளுடைய தோளில் தட்டிக் கொடுத்தார். தங்கச்சி என்னைப் பார்த்தாள்.

“என்னவாம் மாஸ்ரர்?”

“நல்லா இருக்காம். ஆனால் உந்த வேலையெல்லாம் வேண்டாமாம்.”

அடுத்த கிழமை அவளை அப்பிள் தரம் பிரிக்கிற கொட்டிலுக்கு மாற்றினார்கள். அவள் மனம் நோகக் கூடாது என்று வாசலில் இருந்த மாலையையும் மிஸிஸ் கழற்றுவித்தார். அழுகிய அப்பிள் கொட்டப் போன இடத்தில், உரக்குவியலுக்கு மேல் அது கிடந்ததைத் தங்கச்சி கண்டிருக்கிறாள். அன்று பின்னேரம் வானில் எனக்குப் பின்னால் இருந்து மெதுவாகக் கேட்டாள்.

“மாஸ்ரர், கேக்காமல் எடுத்தது பிழையோ? எறியிற பூ எண்டுதான் நினைச்சனான்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். “வெள்ளைக்காரரின்ரை குணம் உப்பிடித்தான் தங்கச்சி, ஒண்டும் யோசியாதை,” என்றேன்.

ஒக்டோபர் கடைசியில் எல்லோரையும் அனுப்பினார்கள். கண்ணாடி வீட்டு வேலையை மிஸிஸ் எனக்குத் தந்தார். அதற்காக நான் பொய் சொல்லவில்லை. ஆனால் தந்தபோது வாங்கிக்கொண்டேன். கடிதமும் வாங்கினேன். எண்பத்தெட்டு வசந்தத்தில் மனைவியும் பையன்களும் வந்து இறங்கினார்கள். மோர்னிங்சைட்டில் வீடு எடுத்தோம். அங்கிருந்து பண்ணைக்குப் போக ஒரு பழைய கார் வாங்கினேன்.

அந்த வருடம் புரட்டாசியில் மனைவி நவராத்திரிப் பூசைக்குப் போய் வந்தாள். ஒரு பட்டறைக் கட்டடத்தில் வாடகைக்கு இடம் எடுத்துச் சாமிப்படம் வைத்திருந்தார்கள். வந்து தேத்தண்ணி போட்டுக்கொண்டே சொன்னாள்: “திருகோணமலை மனிசி ஒண்டு, நல்லாப் பூக் கட்டுமாம். எல்லாரும் கேட்டும் மாட்டன் எண்டிட்டுது. இந்த நாட்டிலை தான் பூவைத் தொட்டால் வேலை போகுமாம், பாவம். கந்தோர் கூட்டுற வேலையாம். பிள்ளையைக் கூப்பிட எழுதினது ரெண்டு தரம் திரும்பி வந்திட்டுதாம்.”

ஊரில் வாசலில் வந்து நின்றவர்களாலும் அவளிடமிருந்து பறிக்க முடியாததை நான் பறித்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. அவள் என்னை நம்பிச் சொன்ன கதையிலிருந்தே எடுத்து, அந்த வாசல்காரர்களின் சொல்லையே ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறேன். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

“அப்ப நாங்கள் வந்தது அந்தக் கடிதத்திலையோ?” என்றாள். தேத்தண்ணியை வடிக்காமலே எழுந்து போனாள்.

திங்கட்கிழமை மிஸிஸிடம் போனேன். கொட்டிலில் அடுத்த வகுப்புக்குப் பூசணிக்காய் குடைந்துகொண்டு இருந்தார். நின்றபடியே சொன்னேன். அவர் கரண்டியை வைத்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்தார். கணவரை அடக்கம் செய்த அடுத்த கிழமையே தான் இந்த மேசையில் வந்து நின்று பூ வெட்டியதாகவும், அதுதான் தன்னைக் காப்பாற்றியது என்றும் சொன்னார். “அவளிடமிருந்து அதை என் கையாலேயே வாங்கிப் போட வைத்தீர்களே,” என்றார். என்னை ஏசவில்லை. தன் ட்ரக்கின் சாவியை எடுத்துக்கொண்டு, வீட்டைக் காட்டுங்கள் என்றார்.

வான் அண்ணையிடம் விலாசம் கேட்டுப் போனோம். அவள் வீடும் மோர்னிங்சைட்தான். இரண்டு பஸ் தரிப்புத் தூரத்தில் இருந்திருக்கிறேன். கதவைத் திறந்தவள் மிஸிஸைக் கண்டதும் பயந்து பின்னால் போனாள். இருக்கச் சொன்னாள். நான் இருக்காமல் நின்றே, தமிழில், முதலில் வாசலில் நடந்தது, பிறகு வானில் அவள் கேட்டதும் நான் சொன்னதும், பிறகு கடிதம் என்று ஒழுங்காகச் சொன்னேன். ஏன் செய்தேன் என்பதையும், அந்த முதல் நாள் மூன்று கேள்விகளில் தொடங்கிச் சொன்னேன். அவள் சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள்.

“அப்ப இந்த மிஸிஸ் என்னைக் கள்ளி எண்டு நினைக்கேல்லையோ?” என்றாள்.

“இல்லைத் தங்கச்சி.”

“ரெண்டு வருசம் மாஸ்ரர். றோட்டிலை ஒரு பூக்கடையைக் கண்டாலும் மற்றப் பக்கத்தாலை போனனான்.”

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவள் மிஸிஸின் பக்கம் திரும்பிக்கொண்டாள். வகுப்பை எடுக்க வரமுடியுமா, குளிர்கால வேலையும் உண்டு, கடிதத்தை இன்றைக்கே எழுதித் தருகிறேன் என்று மிஸிஸ் கேட்டதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. மிஸிஸைப் பார்த்து, கந்தோர் கூட்டப் போன இடத்தில் பழகிய ஆங்கிலத்தில், தானே சொன்னாள்: நான் வருகிறேன், இவர் பேச வேண்டாம், நான் பேசுவேன்.

அந்த மாதக் கடைசியோடு நான் பண்ணையை விட்டேன். மிஸிஸ் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. ஒரு பெட்டி செய்கிற தொழிற்சாலையில் சேர்ந்தேன். தங்கச்சி வகுப்பில் பேசுகிற ஆங்கிலத்தைக் கேட்டுப் பெண்கள் சிரித்துச் சிரித்துப் பழகுகிறார்கள் என்று வான் அண்ணை சொன்னார். கோழிப்பிடி, பிள்ளைத்தாச்சிப் பிடி என்பதை நடித்தே காட்டுகிறாளாம். என்னைப் பார்த்தால் கோட்டு மந்திரி என்று அவர் கூப்பிடுவதும் நின்றுவிட்டது.

எண்பத்தொன்பது மார்கழியில் அவளுடைய மகள் வந்து சேர்ந்தாள். தாய் விட்டுவிட்டு வரும்போது ஒன்பது வயது, வந்து இறங்கியபோது பதின்மூன்று. இடையில் போன வருடங்களில் இரண்டு நான் எடுத்தவை. பிள்ளை தாயோடு பேசுவதில்லை, சித்தியை நினைத்து அழுகிறது என்று மனைவி கோயிலில் கேட்டு வந்து சொன்னாள். ஒரு கிழமை யோசித்துவிட்டு ஒரு ஞாயிறு மத்தியானம் போனேன். மன்னிப்பை எதிர்பார்த்துப் போகவில்லை. அந்தப் பிள்ளையின் கோபம் தாய்மேல் இருக்கக் கூடாது, அது யார்மேல் இருக்க வேண்டும் என்று சொல்லத்தான் போனேன்.

பிள்ளைதான் கதவைத் திறந்தாள். மெலிந்த, நெடிய பிள்ளை. இரண்டு சுவெற்றர் போட்டிருந்தாள். தங்கச்சி குசினியிலிருந்து வந்து என்னைப் பார்த்தாள். இருங்கோ மாஸ்ரர் என்றாள். மகளின் பக்கம் திரும்பினாள்.

“உவர்தான், பண்ணையிலை எனக்காக இங்கிலிஷ் கதைச்சவர்.”

குரலில் கோபம் இல்லை. ஊரில் இன்னாருக்கு இன்னார் சொந்தம் என்று சொல்வது போலச் சொன்னாள். பிள்ளை தலையை ஆட்டிவிட்டுக் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து என் கையில் தந்தாள். நான் சொல்ல வந்ததைத் தொடங்கினேன்.

“ஆறப் போகுது, குடியுங்கோ மாஸ்ரர்,” என்றாள் தங்கச்சி. இரண்டாம் தரம் தொடங்கியபோதும் அதையே சொன்னாள். குடித்தேன். பண்ணையில் பனி எவ்வளவு என்று கேட்டேன், சொன்னாள். என் பையன்களின் படிப்பைக் கேட்டாள், சொன்னேன். எழுந்தபோது, “மாஸ்ரரை லிஃப்ற் மட்டும் கொண்டுபோய் விட்டிட்டு வா,” என்று மகளிடம் சொன்னாள்.

நீண்ட நடைபாதை. பிள்ளை எனக்கு ஓர் அடி முன்னால் நடந்தாள். லிஃப்ற்றடியில் நின்றதும் சொன்னேன்: “பிள்ளை, உன்னை ரெண்டு வருசத்துக்கு முதலே கூப்பிட்டிருக்கலாம். அம்மாவிலை ஒரு பிழையும் இல்லை. நான்தான்...”

“தெரியும் அங்கிள்,” என்றாள். “அம்மா எனக்குக் கடிதத்திலை எல்லாம் எழுதினவா.”

பிறகு எனக்குக் குறுக்கே கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினாள். லிஃப்ற் மேலே எங்கோ நின்றது. அது வரும்வரை அவள் போகவில்லை. தாய் சொன்னபடி, என் பக்கத்திலேயே நின்றாள்.